சாவியை அறியாத வண்டி

பூட்டும் திறவுகோலும் மிகப் பழைய காலத்திலேயே தோன்றியவை. பண்டை எகிப்து நாட்டினர் மரத்தாற் பூட்டுச் செய்தனர். கதவின் தாழ்க்கட்டையிற் சிறு முளைகள் விழுந்து அதனை நகரவொட்டாமல் தடுக்கும். அம்முளைகளுக்கு ஏற்பப் பற்கள் அமைந்த மரக்கோலை உள்ளே நுழைத்து உயர்த்தினால், முளைகள் மேலெழும், தாழ் விலகும். அமெரிக்க நாட்டவரான லைனஸ் யேல் 1861ஆம் ஆண்டிலும் 1865ஆம் ஆண்டிலும் காப்புரிமை பெற்ற சிறு பூட்டும் இக்கருத்தையே தழுவியது. மரம் போய் உலோகம் வந்தது. பெரிய கோல் விரலளவினதாயிற்று. போர்த்துக்கேசியரின் வழியாகச் 'சாவி' என்னும் புதுப்பெயரும் தமிழில் வந்து சேர்ந்தது. ஆயினும் பூட்டின் இயல்பு மாறவில்லை. தன்னுள் நுழையும் பொருளின் வடிவத்தை மட்டுமே அது நோக்கிற்று. அதனைக் கொண்டுவருபவர் உரிமையாளரா, கள்வரா என்று அது வினவியதில்லை.

இன்றைய மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் வடிவம் பொருந்துவது மட்டும் போதாது. சாவி தன் பெயரையும் கூற வேண்டும். அப்பெயரைக் கேட்டு, 'இது நம்முடையதே' என்று வண்டி ஒப்புக்கொண்ட பின்னரே எஞ்சின் இயங்கும். ஒப்புக்கொள்ளாவிடில், பூட்டுத் திரும்பும், விளக்குகள் எரியும், எஞ்சின் மட்டும் உயிர்பெறாது. பெட்ரோல் நிறைந்திருக்கிறது. நேற்று மாலைவரை வண்டி நன்றாக ஓடிற்று. இன்று காலையில் அது தன் உரிமையாளரையே அயலாராகக் கருதி அசையாமல் நிற்கிறது. இரவுப் பணி முடித்து வீடு திரும்பும் செவிலியோ, ஆளரவமற்ற மலைப்பாதையில் தனித்து நிற்கும் பயணியோ இந்நிலையில் அடையும் திகைப்புச் சிறியதன்று. அத்திகைப்பிற் செய்யும் பிழைகளோ பெரும்பொருளை விழுங்கிவிடும். விலையுயர்ந்த கருவியொன்றைக் கழற்றிப் புதியது மாட்டிய பின்பு, சாவி வளையத்தில் உடன் தொங்கிய மற்றொரு சாவியே குற்றத்திற்குக் காரணம் என்று அறிய நேர்ந்தால், அவ்விழப்பை யார் ஈடு செய்வர்?

இத்துணைக் கடுமையான காவல் ஏன் வேண்டியதாயிற்று என்பதை முதலில் அறிதல் நலம். பழைய வண்டிகளிற் சாவி செய்த வேலை மிக எளியது. அது கம்பிகளை இணைத்தது, பிரித்தது. பூட்டின் அடியிலுள்ள கம்பிகளை அறுத்து முறுக்கிவிடத் தெரிந்த கள்வனுக்குச் சாவியே வேண்டுவதில்லை. ஐரோப்பிய நாடுகளில் கார்த் திருட்டு மிகுந்தபோது, பூட்டை வலிவாக்குவதாற் பயனில்லை என்பதை அறிந்தனர். எனவே, எஞ்சினையே காவலின்கீழ்க் கொண்டுவந்தனர். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998ஆம் ஆண்டு அக்டோபர் முதல் விற்கப்படும் புதிய கார்களில், உரிய சாவியன்றி எஞ்சின் இயங்காதபடி தடுக்கும் மின்னணுக் கருவி இருத்தல் வேண்டும் என்று விதி செய்யப்பட்டது. ஆஸ்திரேலியாவில் 2001ஆம் ஆண்டில் அத்தகைய விதி நடைமுறைக்கு வந்தது. அக்கருவிக்கு 'இம்மொபிலைசர்' என்று பெயர். அசையவொட்டாமல் நிறுத்துவது என்பது அதன் பொருள். நெதர்லாந்து நாட்டில் இதன் விளைவை ஆராய்ந்தவர்கள், 1995 முதல் 2008 வரையிலான காலத்தில் இக்கருவியாற் கார்த் திருட்டு ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது எனக் கணக்கிட்டனர். மேற்கூறிய ஐரோப்பிய விதி கார்களுக்கு உரியது. ஆயினும், ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் மோட்டார் சைக்கிள் செய்யும் நிறுவனங்கள் தம் வண்டிகள் பலவற்றிலும் இதே காவலை அமைத்தன.

இனி, சாவி எவ்வாறு பேசுகின்றது என்பதைக் காண்போர் வியப்படைவர். சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள், நெல்மணியை நினைவூட்டும் சிறு கூடு ஒன்று பதிக்கப்பட்டிருக்கும். அக்கூட்டினுள் நுண்ணிய சில்லு ஒன்றும், மயிரிழையை ஒத்த செப்புக்கம்பியின் சுருள் ஒன்றும் இருக்கும். பாட்டரி அதில் இல்லை. மின்சாரம் இல்லாத பொருள் எங்ஙனம் பேசும்? விடை சாவித்துளையைச் சுற்றி இருக்கிறது. அங்கே பிளாஸ்டிக் மூடியின் கீழே, வளையல் போல மற்றொரு கம்பிச்சுருள் பொருத்தப்பட்டுள்ளது. சாவியைத் திருப்பியவுடன், அவ்வளையத்தில் மாறுமின்னோட்டம் பாயும். பல அமைப்புகளில் அது வினாடிக்கு ஏறத்தாழ 1,25,000 முறை மாறுவது. மின்னோட்டம் மாறும்போது, சுற்றியுள்ள காந்தப் புலமும் மாறும். மாறுகின்ற காந்தப் புலத்தினுள் இருக்கும் கம்பிச்சுருளில் மின்சாரம் தோன்றும் என்பது, மைக்கேல் பாரடே என்னும் ஆங்கில அறிஞர் 1831ஆம் ஆண்டிற் கண்ட உண்மை. அவ்வுண்மையின்படியே சாவியின் சுருளில் மிகச் சிறிதளவு மின்சாரம் பிறக்கிறது. அவ்வளவே சில்லுக்குப் போதும். அது விழித்தெழுந்து, தன்னுட் பொறிக்கப்பட்ட எண்ணைக் காந்தப் புலத்தில் நுண்ணிய ஏற்றத்தாழ்வுகளை உண்டாக்கித் தெரிவிக்கிறது. வளையம் அதனை உணர்ந்து இம்மொபிலைசருக்கு அனுப்புகிறது. அக்கருவி, தன் நினைவில் உள்ள எண்ணோடு வந்த எண்ணை ஒப்பிடுகிறது. இரண்டும் பொருந்தினால், எஞ்சினை ஆளும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு இசைவு கிடைக்கிறது, பெட்ரோல் பீச்சப்படுகிறது, தீப்பொறி எழுகிறது. இவையனைத்தும் ஒரு நொடிப்பொழுதில் நடந்து முடிந்துவிடுவதால், தம் சாவி ஒவ்வொரு நாளும் இவ்வாறு உரையாடுகிறது என்பதைப் பலர் அறியார்.

ஆகவே, வண்டி சாவியை அறியவில்லை என்றால் அவ்வுரையாடல் எங்கோ தடைப்பட்டுள்ளது என்பது பொருள். சாவி வாய் திறவாமல் இருக்கலாம். வளையத்தின் செவி கேளாமல் இருக்கலாம். இடையிலுள்ள கம்பி அறுந்திருக்கலாம். பெட்டியின் நினைவு கலங்கியிருக்கலாம். அல்லது, இவையெல்லாம் நன்றாக இருக்க, வெளியிலிருந்து ஓர் இரைச்சல் குறுக்கிட்டிருக்கலாம். இவற்றுள் எது நேர்ந்தது என்பதை, எதனையும் உடைக்காமலும் எதனையும் வாங்காமலும் பெரும்பாலும் கண்டுகொள்ள முடியும்.

அதற்கு முன்னர்ச் செய்யத்தக்கது ஒன்று உண்டு. குற்றம் உண்மையில் இம்மொபிலைசரைச் சார்ந்ததுதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். வலக் கைப்பிடியின் அருகில் எஞ்சினை நிறுத்தும் சிவப்புச் சுவிட்சு இருக்கும். வண்டியைத் துடைக்கும்போதோ, சிறுவர் விளையாட்டாகத் தொடும்போதோ அது நகர்ந்திருந்தால் எஞ்சின் இயங்காது. வண்டி கியரில் இருக்கச் சைடு ஸ்டாண்டு இறங்கியிருந்தாலும் பல வண்டிகள் இயங்க மறுக்கும். மிக நுட்பமான கருவியைச் சந்தேகிப்பதில் மக்களுக்கு ஒரு விருப்பம் உண்டு. கண்ணெதிரே உள்ள சிவப்புச் சுவிட்சை நோக்க அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

இம்மொபிலைசரே தடுக்கிறது என்றால், அதனை வண்டி மறைப்பதில்லை. வேகமானி இருக்கும் பலகையில், பெரும்பாலும் சாவி வடிவத்தில், சிறு விளக்கு ஒன்று அமைந்திருக்கும். ஹோண்டா நிறுவனத்தின் வண்டிகளில் சாவியைத் திருப்பியதும் அது சில வினாடிகள் எரிந்து அணைந்தால், சாவி ஏற்கப்பட்டது என்று கொள்ளலாம். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால், ஏற்கப்படவில்லை. யமஹா நிறுவனத்தின் வண்டிகளில் இவ்விளக்கின் மொழி இன்னும் விரிவானது. மெதுவாக ஐந்து முறையும் விரைவாக இரண்டு முறையும் அது மின்னினால், சாவியின் குறிப்பில் வேறோர் இடையூறு கலந்திருக்கலாம் என்பது அந்நிறுவனத்தின் கையேடு கூறும் பொருள். எனவே, விளக்கு மின்னுவதைக் கண்டவுடன் பதறிச் சாவியைப் பலமுறை திருப்புவதைவிட, அது எத்தனை முறை மின்னுகிறது என்று அமைதியாக எண்ணித் தாளிற் குறித்துக்கொள்ளுதல் அறிவுடைமை. வண்டி ஓய்ந்திருக்கும்போதும் அவ்விளக்கு மின்னிக்கொண்டிருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. காவல் விழித்திருக்கிறது என்று கள்வனுக்கு அறிவிப்பதே அதன் நோக்கம். யமஹா வண்டிகளில் 24 மணி நேரம் கழிந்ததும் அம்மின்னல் நின்றுவிடும், காவல் நிற்பதில்லை.

இடையூறு என்று சொல்லப்பட்டது எது? பல வீடுகளில் எல்லாச் சாவிகளையும் ஒரே வளையத்திற் கோத்து வைக்கும் வழக்கம் உண்டு. காரின் சாவி, மோட்டார் சைக்கிளின் சாவி, அதன் மாற்றுச் சாவி ஆகியவை ஒரே கொத்தில் தொங்கும். வகுப்பில் ஆசிரியர் ஒரு பெயரை அழைக்கும்போது, இருவர் எழுந்து வெவ்வேறு விடைகளை ஒரே நேரத்தில் உரக்கக் கூறினால், எவர் கூறியதும் ஆசிரியருக்கு விளங்காது. இங்கு நிகழ்வதும் அதுவே. வளையத்தின் காந்தப் புலம் தனக்குரிய சில்லை மட்டும் தேர்ந்து எழுப்புவதில்லை. அருகிலுள்ள சில்லுகள் அனைத்தும் அதனால் விழித்தெழுந்து ஒருங்கே பேசத் தொடங்கும். பருத்த உலோகத் தகடோ காந்தமோ சாவியின் தலையை ஒட்டியிருந்தாலும் புலம் குலைந்து குறிப்புத் தேய்ந்துவிடும். ஒரே வளையத்தில் இத்தகைய சாவிகள் இரண்டை மாட்டலாகாது என்று கையேடுகள் எச்சரிப்பதன் காரணம் இதுவே. ஆதலின், சாவியைக் கொத்திலிருந்து தனியே கழற்றி, மற்றவற்றைச் சற்றுத் தொலைவில் வைத்து, வண்டியை ஒருமுறை முற்றிலும் நிறுத்தி, மீண்டும் திருப்பிப் பார்த்தல் வேண்டும். செலவில்லாத இச்செயலாலேயே வண்டி இயங்கிவிடுவதும் உண்டு.

இதனாற் பயன் விளையாவிடில், அடுத்து வேண்டுவது மாற்றுச் சாவி. பழுது பார்ப்போரின் பெட்டியிலுள்ள எந்தக் கருவியும் இவ்விடத்தில் அதற்கு நிகராகாது. முதற்சாவி தோற்ற இடத்தில் மாற்றுச் சாவி வென்றால், வளையமும் கம்பிகளும் பெட்டியும் குற்றமற்றவை என்பது ஒரே நொடியில் தெளிவாகிவிடும். குற்றம் முதற்சாவியின் தலைக்குள் இருக்கிறது. இரண்டு சாவிகளும் தோற்றால், இரண்டு சில்லுகளும் ஒரே நாளிற் கெட்டன என்று கருதுவது பொருந்தாது. சாவிகளை விடுத்து வண்டியை நோக்க வேண்டும். நடுவழியில் நிற்பவரிடம் மாற்றுச் சாவி இல்லாமற்போவதே வழக்கம். வீட்டிலுள்ளோரை அழைத்து அதனைக் கொண்டுவரச் செய்வது, வண்டியை ஏற்றிச் செல்ல வாடகை வண்டி அழைப்பதைவிட மலிவானது.

இம்முறையில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். ஒருவர் பாட்டரியையும் புதிதாக மாட்டி, இணைப்புகளையும் துடைத்து, மாற்றுச் சாவியையும் ஒருங்கே பயன்படுத்தினார் என்று வைத்துக்கொள்க. வண்டி இயங்கிற்று, அவரும் மகிழ்ந்தார். ஆனால் மூன்றனுள் எது நோய் தீர்த்தது என்பதை அவர் அறியார். ஒரு திங்கள் கழித்து அதே குற்றம் மீண்டும் தோன்றும்போது, அவர் தொடங்கிய இடத்திலேயே நிற்பார். புதிய பாட்டரிக்குக் கொடுத்த பணமும் வீணாகியிருக்கலாம்.

பாட்டரியைப் பற்றித் தனியே கூற வேண்டும். இம்மொபிலைசர் மீது சுமத்தப்படும் பழிகளிற் பல அதற்கே உரியவை. நன்றாக மின்னேற்றிய 12 வோல்ட்டு ஈய பாட்டரி, ஓய்ந்திருக்கையில் ஏறத்தாழ 12.6 வோல்ட்டு காட்டும். குளிர்காலத்திற் பல வாரங்கள் ஓட்டப்படாமல் கிடந்த வண்டியில் அது தாழ்ந்திருக்கும். தளர்ந்த பாட்டரி, விளக்குகளை ஒருவாறு எரியச் செய்துவிடும். ஆனால் ஸ்டார்ட்டர் மோட்டார் திரும்ப முயலும் நொடியில் மின்னழுத்தம் சரேலென வீழும். அந்நொடியில் மின்னணுப் பெட்டிகள் தடுமாறிச் சாவியை மறுத்துவிடக்கூடும். விளக்குகள் மங்கினால், அல்லது 'டிக், டிக்' என்னும் ஓசை மட்டும் எழுந்தால், சாவியைச் சந்தேகிப்பதற்கு முன்னர்ப் பாட்டரியை மின்னேற்ற வேண்டும். அதன் முனைகளில் இணைப்புகள் இறுக்கமாக உள்ளனவா, இம்மொபிலைசருக்குரிய பியூஸ் எரிந்துள்ளதா என்பவற்றையும் உடன் பார்க்கலாம்.

பாட்டரியும் நன்றாக இருக்குமாயின், வளையத்திலிருந்து செல்லும் கம்பிகளை ஆராய்தல் முறை. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களிற் சாவித்துளை கைப்பிடிகளின் நடுவே அமைந்துள்ளது. கைப்பிடி திரும்பும்போதெல்லாம் அதுவும் உடன் திரும்பும். அதிலிருந்து புறப்படும் கம்பிகள் வளைந்து நிமிரும். ஆண்டுக்கணக்கில் இவ்வாறு வளைந்த கம்பி, மேலுறை பிளவாமலே உள்ளே முறிந்துபோகலாம். இதனைக் கண்டுபிடிக்க ஓர் எளிய உபாயம் உண்டு. சாவியைத் திருப்புவதற்கு முன்பு கைப்பிடியை இடக்கோடிக்குத் திருப்பி ஒருமுறையும், நேரே வைத்து ஒருமுறையும், வலப்பக்கம் திருப்பி ஒருமுறையும் முயன்று, ஒவ்வொரு முறையும் விளக்கை நோக்க வேண்டும். ஒரு நிலையில் ஏற்றும் மற்றொரு நிலையில் மறுத்தும் வண்டி நடந்துகொண்டால், முறிந்த கம்பி ஏறத்தாழ அகப்பட்டுவிட்டது என்றே கூறலாம். இணைப்பு முனைகளில் நீர் புகுந்து பச்சைக் களிம்பு ஏறியிருப்பதும் உண்டு. விசையோடு நீரைப் பாய்ச்சி வண்டியைக் கழுவிய மறுநாள் இக்குற்றம் தோன்றினால், முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும். முனைகளைப் பிரித்து, உலர்த்தி, துடைத்து, மீண்டும் அழுத்திச் சேர்த்தாற் பெரும்பாலும் சரியாகும். அதன் பின்னரும் தேறாவிடில், மல்டிமீட்டர் கொண்டு வளையத்தையும் கம்பிகளையும் அளந்தறிவது பயிற்சியுடைய மெக்கானிக்கின் வேலை. கட்டுப்பாட்டுப் பெட்டியைக் குற்றம் சொல்வது எல்லாவற்றிற்கும் கடைசியாகவே இருத்தல் வேண்டும். விலையில் அது முதன்மையானது, கெட்டுப்போவதிலோ அரியது.

சாவியே குற்றமுடையது என்று தெரிந்தாற் செய்யத்தக்கது யாது? கல்தரையில் விழுந்தோ, கடும் வெப்பத்திற் கிடந்தோ, நீரில் ஊறியோ சில்லு கெட்டிருக்கலாம். சில வேளைகளிற் சில்லே அங்கு இராது! கடைவீதியிற் சாவி வெட்டுபவரிடம் கொடுத்து மாற்றுச் சாவி செய்து வாங்குவோர், பூட்டுத் திரும்புவதைக் கண்டு மனநிறைவு அடைகின்றனர். உலோகப் பகுதியின் பற்கள் சரியாகவே உள்ளன. அதன் தலைக்குட் பெயர் சொல்லும் சில்லு இல்லை. அத்தகைய சாவியால் இருக்கைப் பூட்டைத் திறக்கலாம். பெட்ரோல் கலத்தின் மூடியைத் திறக்கலாம். எஞ்சினை மட்டும் இயக்க இயலாது. இதற்கு மறுதலையான நிலையும் உண்டு. மூலச்சாவியின் உலோகப் பகுதி முறிந்து, தலை மட்டும் கையில் எஞ்சியிருந்தால், அத்தலையைச் சாவித்துளையின் வளையத்தை ஒட்டிப் பிடித்துக்கொண்டு, சில்லில்லாத சாவியாற் பூட்டைத் திருப்பினால் எஞ்சின் இயங்கக்கூடும். முறிந்த சாவியைக் குப்பையில் எறிபவர், வண்டியின் பெயரட்டையையே எறிபவர் ஆகின்றார்.

புதிய சில்லின் எண்ணை வண்டியின் நினைவில் ஏற்றுதல் தனிக்கலை. யமஹாவின் வண்டிகள் பலவற்றோடு மூன்று சாவிகள் தரப்படும். இரண்டு கறுப்பு நிறமுடையவை. அன்றாடப் பயனுக்கு உரியவை. மூன்றாவது சிவப்பு நிறமுடையது. அது ஓட்டுவதற்கு அன்று. கறுப்புச் சாவிகளின் எண்களை மீண்டும் பதிவு செய்வதற்கே உரியது. கறுப்புச் சாவியை வண்டி ஏற்க மறுக்கும்போது, சிவப்புச் சாவியால் எஞ்சினை இயக்கிப் பார்க்குமாறு கையேடு கூறுகிறது. அது வெற்றி பெற்றால், எஞ்சினை நிறுத்திக் கறுப்புச் சாவிகளை மீண்டும் முயல வேண்டும். அவற்றுள் ஒன்றோ இரண்டுமோ தவறினால், வண்டியையும் மூன்று சாவிகளையும் உரிய பணிமனைக்குக் கொண்டுசென்று மறுபதிவு செய்துகொள்ள வேண்டும். சிவப்புச் சாவி தொலைந்துவிட்டாலோ, கறுப்புச் சாவிகள் உள்ளவரை வண்டி ஓடும். ஆனால் புதிய சாவி எதனையும் பதிவு செய்ய இயலாது. கறுப்புச் சாவிகளும் தொலைந்த அன்று, காவலமைப்பு முழுவதையும் மாற்ற நேரும். பழைய வண்டியை விலைக்கு வாங்குவோர் அதன் நிறத்தையும் ஓடிய தூரத்தையும் நெடுநேரம் ஆராய்கின்றனர். சிவப்புச் சாவி எங்கே என்று கேட்பவர் சிலரே. ஒரு சொல்லிற் கேட்டிருக்க வேண்டிய அக்கேள்விக்காகப் பின்னர்ப் பெரும்பொருள் செலுத்துவோர் உளர்.

இக்காவலும் முற்றிலும் வெல்ல முடியாதது அன்று. தொடக்கத்தில் வந்த சில்லுகள், எப்போதும் ஒரே எண்ணையே கூறின. அதனை ஒட்டுக்கேட்பவன் திருப்பிக் கூறிவிடலாம். பின்னர் வந்தவை, வண்டி ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்கும் கேள்விக்கு மறைபொருட் கணக்கினால் விடை கூறின. அவற்றுள் ஒருவகை, 40 இலக்க இரும எண்ணை மறைபொருளாகக் கொண்டது. அதில் அமையக்கூடிய எண்கள் ஒரு இலட்சம் கோடிக்கும் மேற்பட்டவை. அத்தனையையும் முயன்று பார்க்க ஒருவராலும் இயலாது என்று தோன்றும். ஆயினும், அமெரிக்க நாட்டின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தையும் ஆர்.எஸ்.ஏ. ஆய்வகத்தையும் சார்ந்த அறிஞர்கள், கணினிகளின் துணையால் அதனை உடைத்துக் காட்டி 2005ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதன்பின் மேலும் நீண்ட எண்களைக் கொண்ட சில்லுகள் பெருகின. மோட்டார் சைக்கிளுக்கோ வேறோர் இடரும் உண்டு. எஞ்சினை இயக்க முடியாத கள்வர், நான்கு பேராகச் சேர்ந்து வண்டியைத் தூக்கிச் சரக்கு வண்டியில் ஏற்றிச் சென்றுவிடுவர். எவ்வளவு நுண்ணிய சில்லும் இதனைத் தடுக்காது. பருத்த இரும்புச் சங்கிலியாற் கம்பத்தோடு பிணைத்தலே அதற்குத் தக்க காப்பு.

அண்மைக் காலத்திற் சாவித்துளையே இல்லாத வண்டிகளும் வந்துள்ளன. இந்தியாவில் 2023ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்த ஹோண்டா ஆக்டிவா ஸ்கூட்டரின் ஒருவகை இத்தகையது. இவற்றின் சாவி சட்டைப்பையில் இருந்தாற் போதும். வண்டி சற்றுத் தொலைவிலேயே அதனை அறிந்துகொள்ளும். தொலைவிலிருந்து பேச வேண்டியிருத்தலால், இச்சாவிக்குள் நாணயத்தைப் போன்ற சிறு பாட்டரி இருக்கும். வண்டி திடீரென்று தன் சாவியை மறந்தாற்போல நடந்துகொண்டால், ஐயுறத்தக்கவற்றுள் முதலாவது அச்சிறு பாட்டரியே. பாட்டரி தீர்ந்த நிலையில் வழியில் நிற்க நேர்வோருக்காக, ஒவ்வொரு நிறுவனமும் ஏதேனும் ஒரு மாற்றுவழி வைத்திருக்கும். சில வண்டிகளில் இருக்கையின் அருகிலோ கைப்பிடியின் அருகிலோ ஒரு குறிப்பிட்ட இடம் உண்டு. கையேடு அதனைப் படத்தோடு காட்டும். பாட்டரி தீர்ந்த சாவியை அவ்விடத்தை ஒட்டி வைத்தால், அங்கே மறைந்துள்ள சுருள் பாரடே கண்ட முறைப்படியே அதற்கு மின்சாரம் ஊட்டுகிறது. சாவியும் தன் எண்ணைக் கூறிவிடுகிறது.